மலைநாட்டில் பழைய பண்ணை வீட்டை வாங்கித் திருத்துதல்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் இலங்கையின் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் இடைப்பட்ட ஒரு மலைச்சரிவில் பழைய பண்ணை வீடொன்றை வாங்கி ஆறு ஆண்டுகளாகின்றன. ஒரு ஏக்கர் இருபது பேர்ச்சஸ் காணி, கருங்கல்லையும் மண்சாந்தையும் கொண்டு எழுப்பிய நான்கு அறைகள், ஓர் இஸ்தோப்பு, புகை படிந்த குசினி, பின்புறத்தில் மாட்டுப்பட்டி, உருளைக்கிழங்கு குவித்துவைக்கும் தனியறை ஆகியவை அதில் அடங்கும். இதேபோல் வீடு தேடும் உறவினரும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தோட்டத்துப் பழைய துரை பங்களாவை விலைக்கு வாங்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னர் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது நிர்வாகமே. நிலம் இன்றும் அரசினுடையது, கம்பனியின் கையில் இருப்பது குத்தகை மட்டுமே. ஆகவே பெருந்தோட்டத்துக்குள் நிற்கும் பங்களாவை உங்களுக்கு "விற்க" ஒருவர் முன்வந்தால், அவர் எதை விற்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

விலைக்கு வருபவை பெரும்பாலும் தோட்ட எல்லைக்கு வெளியே உள்ள தனியார் காணிகளில் நிற்கும் வீடுகள்: மரக்கறிப் பண்ணைகள், சிறு தேயிலைக் காணிகள், உச்சவரம்புக்குள் உரிமையாளர் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பங்கிலிருந்து பின்னர் பிரிந்து வந்த துண்டுகள். இவற்றில் மூன்றாவது வகையாயின், அந்தத் துண்டு உண்மையிலேயே அனுமதிக்கப்பட்ட பங்குக்குள் அடங்குகிறதா என்பதைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் தீர்மானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

காணி உறுதி இருக்கிறது என்கிறார்கள். அது போதாதா?

எந்த உறுதி என்பதைப் பொறுத்தது. இங்கே "பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமான காகிதங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அறுதியாக விற்கக்கூடிய தனியார் உறுதி ஒன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் வேறு. பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான முன்சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. இவ்விரண்டும் தவிர, சாதாரணத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்ட "விற்பனைக் கடிதம்" ஒன்றும் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி வேண்டும் என்பதால், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் காணிக்கு உரிமையாளராக முடியாது.

நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டு காலத் தோம்பையாவது (காணிப் பதிவேட்டையாவது) தேடிப் பார்க்க வேண்டும். ஈடு, வழக்கு, சீவிய உருத்து ஆகிய மூன்றும் அங்கேதான் வெளிப்படும். எங்கள் வீட்டின் முதல் தேடலில், விற்பவரின் தாயாருக்குச் சீவிய உருத்து இருப்பது தெரிய வந்தது. அந்த அம்மையார் நல்லவர். கேட்டவுடன் தாமும் வந்து உறுதியில் கையொப்பமிட்டார். தேடாமல் வாங்கியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் எங்களுக்குக் குடியிருக்கும் உரிமை இருந்திருக்காது.

மலைநாட்டுக்கே உரிய ஒரு கண்ணி நன்கொடை உறுதியில் இருக்கிறது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட சிங்களக் குடும்பங்களில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த நன்கொடையை, இரத்துச் செய்யும் உரிமையைத் துறப்பதாக உறுதியிலேயே வெளிப்படையாகக் கூறியிராவிட்டால், கொடுத்தவர் தம் வாழ்நாளில் பொதுவாகத் திருப்பி எடுக்கலாம். விற்பவரின் உரித்து அப்படியொரு நன்கொடையிலிருந்து வந்திருந்தால், அந்தத் துறப்பு வாசகத்தை நொத்தாரிசிடம் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதிய உறுதியைப் புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிட்டு வருவது நம்மவர் பலருக்குப் பழக்கம், எனக்கும் இருந்தது.

"பிரிபடாத பங்கு" என்று எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வது?

நான் வாங்க மாட்டேன். பிரிபடாத எட்டில் மூன்று பங்கை வாங்கியவருக்கு வீடு நிற்கும் இடம் தனக்குரியது என்று சொல்ல முடியாது. கூட்டு உரிமையாளரில் ஒருவர் 1977 ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், நீங்கள் திருத்திய கூரையும் சேர்ந்தே வழக்குக்குள் போகும். பங்காளிகள் அனைவரும் கையொப்பமிட்டு, நில அளவையாளர் அளந்து, தனித் துண்டாகப் பிரித்த பின்னர் வாருங்கள் என்று விற்பவரிடம் சொல்லலாம். விலை குறைவு என்பதற்காக அந்த வேலையை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதலாமா?

எழுதலாம்; நாங்கள் அப்படித்தான் எழுதினோம். ஆனால் ஒருவர் இறந்தால் அவருடைய பாதி மற்றவருக்குத் தானாகவே வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மலையகத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தின்படி, மரணசாசனம் இல்லாவிடில், இறந்தவரின் பாதியில் ஒரு பாதி துணைக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் இல்லாவிட்டால் இறந்தவரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உள்ளே வருவார்கள். ஆகவே உறுதி எழுதிய அதே நொத்தாரிசிடம் இருவரும் மரணசாசனமும் எழுதிவிடுங்கள். அபசகுனம் என்று என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் ஊற்றித் தந்தார்.

வெளிநாட்டுக் குடியுரிமை கொண்டவர்களும் கேட்கிறார்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. இலங்கையின் இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியேறிய எங்கள் உறவினர் ஒருவர் பிறந்த ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்க ஆசைப்பட்டார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அந்த வழியும் அவருக்கு இல்லை.

விலைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?

முத்திரைத் தீர்வைதான் பெரியது: முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா பெறுமதியான காணிக்கு 3,99,000 ரூபா வரும், கொடுப்பவர் வாங்குபவரே. நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, தேடல் ஆகியவை தனி. பிரதேச சபையிலிருந்து வீதி எல்லையைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணியைச் சபை சுவீகரிக்கவில்லை என்ற கடிதமும் எடுக்க வேண்டும்.

மண்சரிவு ஆபத்து இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துவிட்டு, அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்து உங்கள் காணிக்குரிய மதிப்பீட்டு அறிக்கையைப் பெறுவதே முறையான வழி. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை போன்ற மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்த அறிக்கையை எப்படியும் கேட்பார்கள் என்பதால், வாங்கிய பின் எடுப்பதை வாங்குவதற்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது.

அறிக்கை வருவதற்கு முன்னர் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. சரிவில் பிறை வடிவில் ஓடும் நிலவெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மின்கம்பங்களும் மரங்களும், இதற்கு முன் இல்லாத இடத்தில் திடீரெனக் கசியும் ஊற்று, தெளிவாக வந்த நீர் கலங்கி வருதல், நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிற்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்கள் புதைந்த துயரத்தை ஊவாவில் யாரும் மறக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது எந்த வரைபடமும் அல்ல. என் மாமனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் மழைநீர் வடியும் கான் வெட்டியவர். வீட்டை அவருக்கு முதன்முதலாகக் காட்டிய அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வரவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டின் பின்புறச் சரிவில் ஏறினார், கொஞ்ச நேரம் நின்றார், பிறகு இறங்கி வந்து, "ஏம்மா, இந்த வீட்டுக்கு மேல் கான் எங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மம்பட்டியை வாங்கிக்கொண்டு போய், முன்னைய உரிமையாளர் அழகுக்காக வளர்த்திருந்த டேலியாப் பாத்தியின் ஓரத்தில் நான்கைந்து கொத்துக் கொத்தினார். ஓர் அடி ஆழத்தில் கல் பதித்த பழைய கான் தெரிந்தது. சரிவின் நீரை வீட்டுக்கு மேலேயே மறித்துப் பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோவதற்காக வெட்டிய கான் அது. யாரோ அதை மண் போட்டு மூடிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மழைநீர் முழுவதும் பின்சுவரின் அடியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பூச்செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டு, அறுபது அடி நீளக் கானை முழுவதும் திறந்தோம். மண் வழிந்து அடைக்காமலிருக்க இடையிடையே குழி வெட்டி, மேல்விளிம்பில் வெட்டிவேர் நட்டோம். உள்ளே ஒரு செங்கல்லைக்கூடத் தொடுவதற்கு முன் செய்த வேலை இது. அந்த வீட்டுக்கு நாங்கள் செய்ததில் மிகவும் பயனுள்ளதும் மிகக் குறைந்த செலவுடையதும் இதுதான்.

மழையை அளந்து எழுதும் பழக்கமும் அப்போது தொடங்கியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இரண்டாவது அளவை எட்டியதுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போய்விட்டோம். வீடு நின்றது, கீழ்ப் பாதை இருபது அடி நீளத்துக்கு இல்லாமற்போயிருந்தது.

எந்த மாதத்தில் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும்?

மழையில். ஹற்றன், மஸ்கெலியா, நாவலப்பிட்டி போன்ற மேற்குச் சரிவுகளாயின் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவ மழையின்போதும், பதுளை, பசறை, வெலிமடைப் பக்கமாயின் நவம்பர், டிசம்பரிலும் போங்கள். விற்பவர்கள் பெப்ரவரியின் வெயிலில் காட்டவே விரும்புவார்கள். அந்த மாதத்தில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும்.

குடிநீருக்கு என்ன ஏற்பாடு?

பழைய பண்ணை வீடுகளுக்கு மேலே உள்ள யாரோ ஒருவரின் காணியிலிருந்து குழாய் மூலம் ஊற்றுநீர் வரும். பெருந்தன்மையாலும் பழக்கத்தாலும் ஓடும் நீர் அது. அதை எடுக்கும் உரிமையும், குழாய் செல்லும் வழியும், வண்டி வரும் பாதையும் உறுதியிலும் நில அளவைப் படத்திலும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து ஆண்டு காலத் தொடர்ப் பாவனையைக் காட்டி உரிமை கோரலாம் என்பது உண்மையே. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதுவரை குழாயை மூடிவிடுவதற்கு மேல்காணிக்காரருக்கு ஒரு நிமிடம் போதும்.

எங்கள் பகுதியில் ஊற்றுக்கு மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போஞ்சியும் பயிராகின்றன. உரமும் மருந்தும் தாராளமாகப் போடப்படுகின்றன. தண்ணீர் கண்ணாடி போல் தெரிவதால் மட்டும் அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்த பின்னரே நாங்கள் குடிக்கத் தொடங்கினோம். மலசலகூடக் குழியை ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 50 அடிக்கு அப்பால், தாழ்வான பக்கத்தில் அமைக்க வேண்டும்.

வீட்டில் முதலில் எதைத் திருத்துவது?

கூரையை. வேறு பதில் இல்லை. பழைய நெளிதகரத்தின் தடிப்பு இன்றைய தகரத்தை விட அதிகம். துரு மேலோட்டமாயின் சுரண்டிப் பூச்சடித்து வைத்துக்கொள்ளலாம். ஒழுகுவது பெரும்பாலும் தகரத்தில் அல்ல, ஆணித் துளையிலும், முகட்டிலும், சிமினி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலுமே. இரவுக் குளிரில் தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டுவதையும் ஒழுக்கு என்று தவறாக நினைப்பார்கள். அதற்கு மருந்து காற்றோட்டம். பீலியும் அதிலிருந்து நீர் இறங்கும் குழாயும் கூரையோடு சேர்ந்தே போடப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டால், கூரையில் விழும் நீர் முழுவதும் அத்திவாரத்தின் அருகே குழி தோண்டும்.

அஸ்பெஸ்டோஸ் கூரையாயின் அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. கழற்றியே ஆக வேண்டுமானால் நன்றாக நனைத்து, முகமூடி அணிந்து, முழுத் தகடாக இறக்குங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை.

சுவர்களில் ஈரம் ஏறுகிறது. சீமெந்து பூசிவிட்டால் நிற்காதா?

நிற்காது. நாங்கள் அந்தத் தவற்றைச் செய்து பார்த்தவர்கள். மண்சாந்தில் கட்டிய பதினெட்டு அங்குலக் கற்சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் போகும் வழி அடைபட்டு, இன்னும் மேலே ஏறிப் பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் தங்கும். மார்ச் மாதத்தில் முன்னறைக்குச் சீமெந்து பூசி, வெள்ளை வர்ணம் அடித்து, புகைப்படமும் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினோம். டிசம்பரில் வர்ணம் எண்ணெயிலிட்ட அப்பளம் போல் பொங்கியது. சுவரை விரலால் தட்டினால் வெறும் பானையைத் தட்டிய ஓசை வந்தது. ஓர் அறைக்குப் பூசிய செலவை விடக் கொத்தி எடுத்த செலவு அதிகம்.

பிறகு சுண்ணாம்புக்குத் திரும்பினோம். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஒரு மாதம் வைத்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் குழைத்து, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்றாகப் பூசி, சடுதியாகக் காயாமலிருக்க நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடக் கூடாது. அதோடு, வெளிப்புற நிலம் உட்தளத்தை விட உயர்ந்திருந்தால் எந்தப் பூச்சும் உதவாது. நாங்கள் சுவரோரத்து மண்ணை ஓர் அடி வெட்டி இறக்கிய பின்னரே சுவர் உண்மையில் காயத் தொடங்கியது.

மண் வெட்டும்போது பலகைத் தளத்தின் அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் மூன்று வெளியே தெரிந்தன. அவை புதைந்திருந்ததால்தான் நடு அறையின் தளம் உளுத்துப் போயிருக்கிறது.

பழைய மரங்களை என்ன செய்வது? காணியிலுள்ள பலாவை வெட்டிப் பயன்படுத்தலாமா?

கதவு, யன்னல் சட்டங்கள் பலாவாகவோ தேக்காகவோ இருந்தால் எறியாதீர்கள். கறையான் அரித்த நுனியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தில் ஒட்டுப்போடத் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்புளியை மரத்தில் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால் அது பிழைக்கும்.

பலாவையும் ஈரப்பலாவையும் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அப்படி. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மின்சார இணைப்பு?

பழைய வயர் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். பாதி மாற்றிப் பாதி விடுவது சிக்கனமல்ல. புவி இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத ஈரச் சுவர் வீட்டில் ஒரு நாளும் படுக்காதீர்கள்.

திருத்துவதற்கும் அனுமதி வேண்டுமா?

பூச்சு, வர்ணம், கதவு, ஓடு மாற்றுதல் போன்றவற்றுக்குப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. அறை கூட்டினாலோ, சுமை தாங்கும் சுவரை அகற்றினாலோ, மேல்மாடி எழுப்பினாலோ பிரதேச சபையின் அனுமதி வேண்டும். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி கொண்டு மண்ணைச் செங்குத்தாக வெட்டுவதுதான் மலைநாட்டில் மிக ஆபத்தான திருத்தம். அதை அனுமதியும், நீர் கசியத் துளைகள் விட்ட தாங்கு சுவரும் இல்லாமல் செய்யக் கூடாது. எங்கள் வாகனம் இன்றும் பாதையோரத்தில்தான் நிற்கிறது.

வேலையாட்களை ஒப்பந்தத்தில் அமர்த்துவதா, நாட்கூலிக்கா?

கூரை, மின்சாரம் போன்று அளவு தெரிந்த வேலையை ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். பழைய சுவர் வேலைக்கு ஒப்பந்தம் பொருந்தாது. கொத்திப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மேசன் பாசுக்கும் தெரியாது, தெரியாததற்கு விலை சொன்னவர் பிறகு எங்காவது குறைத்துத்தான் ஆக வேண்டும். எங்களுக்குச் சுண்ணாம்பு பூசியவர் எழுபதை நெருங்கியவர். அவரோடு வந்த இரண்டு இளைஞர்களும் முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் கரண்டியைக் கேட்டு வாங்கினார்கள்.

இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லையா?

வந்தது. குசினியில் விறகடுப்பை வைத்திருப்பதா, உடைப்பதா என்பதில் ஏழு மாதம் இழுபட்டது. லயத்துக் காம்பராவில் புகையில் வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் கணவருக்கு அது இல்லாத குசினி குசினியே அல்ல. சிமினியைத் துப்புரவாக்கி, அடுப்பின் வாயைச் சிறிதாக்கி, புகை முழுவதும் மேலே போவதைக் காட்டினால் சம்மதிக்கிறேன் என்றேன். குருவிக்கூடும் கரியுமாக இரண்டு சாக்கு வெளியே வந்தது. இப்போது டிசம்பர் இரவுகளில் அந்த அடுப்பை விட்டு முதலில் எழுந்திருக்க மறுப்பவள் நான்.

இப்போது வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. கிழங்கு அறைக்குக் கதவு இன்னும் போடவில்லை. மாட்டுப்பட்டியின் கூரை அடுத்த பெப்ரவரிக்கு. ஒவ்வொரு செப்டம்பர் இறுதியிலும் மாமா வந்து மேல் கானைத் துப்புரவாக்குவார். கடந்த ஆண்டு முழங்கால் வலியால் அவர் சரிவில் ஏறவில்லை. இஸ்தோப்பில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மம்பட்டியை என் கையில் கொடுத்து, எந்த இடத்தில் இன்னும் இரண்டு அங்குலம் இறக்க வேண்டும் என்று அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.